சர்ச்சூ காற்றில் எரியும் அடுப்பு

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், இமாசலப் பிரதேசம் முடிந்து லடாக் தொடங்கும் இடத்தில், சர்ச்சூ என்றொரு வெட்டவெளி இருக்கிறது. உயரம் சுமார் 4,290 மீட்டர். மரம் கிடையாது, நிலையான ஊர் கிடையாது. சாலை திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் கூடாரங்கள் முளைக்கும். வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறியதும் பிற்பகலில் காற்று கிளம்பிவிடும். வண்டிக் கதவைத் திறந்தால் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிற காற்று அது. செப்டம்பர் இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வண்டியில் ஊர்சுற்றி, கூடாரமடித்து, தானே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுபவர் அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது சர்ச்சூவை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி. அங்கே சோறு வேகவைக்கிற அடுப்பு இந்தியாவில் வண்டி போகிற ஏறக்குறைய எல்லா இடத்திலும் வேகவைக்கும்.

சேலத்திலிருந்து நானும் மைத்துனரும் அவருடைய நண்பரும் ஒரு பொலிரோவில் கிளம்பினோம். மூன்று வகை அடுப்புகளை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டோம். ஒன்று, சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வரும் போர்ட்டபிள் கேஸ் ஸ்டவ். சென்ட் பாட்டில் போன்ற நீளமான கேஸ் டப்பாவைப் பக்கவாட்டில் வைத்து நெம்புகோலை அழுத்தினால் எரியும் வகை. இரண்டாவது, 5 கிலோ சிலிண்டரும் ரப்பர் ட்யூபும் ஒற்றை பர்னர் அடுப்பும். மூன்றாவது, மைத்துனர் வீட்டுப் பரணில் கிடந்த பித்தளை பம்ப் ஸ்டவ். புது வாஷர் போட்டு, பர்னரைத் தட்டிச் சுத்தம் செய்ததும் பழையபடி உறுமத் தொடங்கிவிட்டது.

மலையேறுபவர்கள் முதுகில் சுமக்கும் உள்ளங்கை அளவு அடுப்பை நாங்கள் எடுக்கவில்லை. டப்பாவின் தலையிலேயே பர்னரைத் திருகி, அதன்மேல் பாத்திரம் வைக்கும் அமைப்பு அது. சுமந்து நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. வண்டியில் போகிறவருக்கு அந்தக் கணக்கே வேண்டாம். ஐந்து லிட்டர் குக்கரை அப்படிப்பட்ட ஒற்றைக்காலில் நிறுத்தினால் கரண்டி பட்டாலே சாயும். வண்டிக்காரர் பார்க்க வேண்டியவை நான்கு. பெரிய பாத்திரம் அசையாமல் நிற்க வேண்டும். காற்றுக்கு மறைப்பு கட்ட இடமிருக்க வேண்டும். தீயைச் சின்னதாக்கினால் அணையாமல் இருக்க வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் போகிற வழியில் கிடைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் நம் ஊர்க்காரர்களே ஆசிரியர்கள். தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி சேலத்தைத் தொட்டுக்கொண்டு ஸ்ரீநகர் வரை போகிறது. அதில் எங்கே நிறுத்தினாலும் நாமக்கல், சங்ககிரி லாரிகள் கண்ணில் படும். வாரக்கணக்கில் வீட்டைவிட்டு வட மாநிலங்களில் திரியும் அந்த ஓட்டுநர்கள், வண்டியோரம் சமைத்துச் சாப்பிடுவதைப் பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாகச் செய்கிறவர்கள். நாக்பூருக்கு முன்னால் லாரிகள் ஒதுங்கும் திடல் ஒன்றில் டி.என். 28 என்ற பலகையைப் பார்த்து நிறுத்தினோம். லாரியின் பின் சக்கரங்களுக்கு நடுவே, ஒரு பக்கம் வெட்டித் திறந்த 15 கிலோ எண்ணெய் டின்னுக்குள் பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. சுடர் ஆடவே இல்லை.

“லடாக்குக்குங்களா? அங்க காத்து ஆளையே தூக்கும்னு சொல்லுவாங்க சார்” என்றார் ஓட்டுநர். “அடுப்பு எதுவா வேணா இருக்கட்டுங்க. தகரம் இல்லாம மட்டும் போயிறாதீங்க.”

“கேஸ் வெச்சுக்கலாமேண்ணா, பம்ப் அடிக்கிற வேலை மிச்சமாகுமே?”

“வெச்சிருந்தோமுங்க. ராஜஸ்தான்ல தீந்துபோச்சு. நம்ம ஊரு கேஸ் புக்க வெச்சுக்கிட்டு அங்க என்ன பண்றதுங்க? சோறு தின்னுட்டுப் போங்க, ரசம் இருக்குது.”

அவர் சொன்ன இடர் இப்போது பாதி தீர்ந்திருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் ‘சோட்டு’ என்று 2020-இல் பெயர் சூட்டிய 5 கிலோ சிலிண்டரைப் பெட்ரோல் பம்புகளிலும் வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். வேறு ஊரில் மாற்றிக்கொள்ளவும் முடியும். மறுபக்கம், மண்ணெண்ணெய்தான் அரிதாகிவிட்டது. டெல்லி 2014-இலேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பம்ப் ஸ்டவ்வை நம்பிப் போகிறவர் எண்ணெயை ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் நிரப்பிக்கொண்டோம். அந்த ஓட்டுநர் கிளீனரிடம் சொல்லி, காலி டின் ஒன்றை வெட்டி, விளிம்புகளைச் சுத்தியலால் மடித்துக் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மணாலியைத் தாண்டியதும் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறந்த, ஒன்பது கிலோமீட்டர் நீளச் சுரங்கம். ரோதாங் கணவாயின் ஏற்ற இறக்கத்தை அது மிச்சப்படுத்திவிடுகிறது. மறுமுனையில் வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. மழைமேகம் பின்னால் நின்றுவிட, வறண்ட மலைகள் தொடங்குகின்றன. டாண்டியில் டீசலை நிரப்பினோம். அடுத்த பம்புக்கு 365 கிலோமீட்டர் என்ற பலகையால் பெயர்பெற்ற ஊர் அது. இரவு பாகா ஆற்றங்கரையில் ஜிஸ்பாவில் தங்கினோம். சுமார் 3,200 மீட்டர் உயரம், நதியோரம் மரங்கள், காற்று மட்டு. இங்கே மூன்று அடுப்புகளும் சொன்னபடி கேட்டன. பெட்டி அடுப்பில் உப்புமா கிளறி, 5 கிலோ அடுப்பில் காப்பிக்கு வெந்நீர் வைத்துச் சுகமாகச் சாப்பிட்டோம். அடுப்புக்குத் தேர்வு வைக்கிற இடம் ஜிஸ்பா அல்ல.

பாரலாச்சா கணவாயைக் கடந்து சர்ச்சூவில் இறங்கியபோது பிற்பகல் காற்று முழுவேகத்தில் இருந்தது. வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் அடுப்புகளை இறக்கினோம். பெட்டி அடுப்பின் தீ பாத்திரத்தின் அடியைத் தொடாமலே ஒருபக்கமாகப் படுத்து ஓடியது. அதைச் சுற்றித் தகரம் கட்டலாமே என்று தோன்றும். கட்டக்கூடாது. கேஸ் டப்பா அதே பெட்டிக்குள், பர்னருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூடு வெளியேற வழியின்றி டப்பா காய்ந்தால் வெடிக்கும். அகலமான தோசைக்கல்லை வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு, கல் டப்பாவின் தலைக்கு மேல் நீண்டு சூட்டைக் கீழே அனுப்பும். ட்யூப் வைத்த அடுப்பின் முதல் மேன்மை எனக்கு இங்கேதான் விளங்கியது. சிலிண்டர் ஒரு பக்கம், தீ ஒரு பக்கம். நாமக்கல் டின்னைப் பர்னரைச் சுற்றித் தைரியமாக நிறுத்தலாம்.

மறுநாள் அதிகாலையில் தண்ணீர்க் கேனின் மேலே ஐஸ் படிந்திருந்தது. பெட்டி அடுப்பு பற்றியது, சற்று எரிந்தது, பிறகு நீலப்புள்ளிகளாகச் சுருங்கியது. டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். கடல்மட்டத்தில் அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, திரவமாகவே கிடக்கும். சர்ச்சூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காடுதான் என்பதால் அங்கே மைனஸ் 13 டிகிரி வரைகூட ஆவியாகும். பற்றியதற்கு அதுவே காரணம். ஆனால் வாயு வெளியேற வெளியேற மிச்சமுள்ள திரவம் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது. சின்ன டப்பாவில் சூடு ஏது? சில நிமிடங்களில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. டப்பாவை இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது மலைக்காரர்களின் வழக்கம், அது கொஞ்சம் உதவும். பியூட்டேனின் இந்தக் குறைக்காகத்தான் குளிர்நாட்டுக்கு விற்கும் டப்பாக்களில் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும் புரோப்பேனையும், மைனஸ் 12 வரை தாங்கும் ஐசோபியூட்டேனையும் கலக்கிறார்கள். டப்பா வாங்கும்போது அதன் மேலே அச்சிட்டிருக்கும் கலவையைப் படிப்பது, விலையைப் படிப்பதைவிட முக்கியம்.

5 கிலோ சிலிண்டரிலும் பெரும்பங்கு பியூட்டேன்தான், கொஞ்சம் புரோப்பேன் கலந்திருக்கும். ஆனால் திரவம் அதிகம், ஆவியாகும் பரப்பும் அதிகம். எனவே சட்டென்று குளிர்ந்துபோகவில்லை. கீழே இருந்ததைவிடத் தீ சற்றுத் தளர்ந்தது, நுனி மஞ்சளானது. மெல்லிய காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அப்படி. பர்னர் குழாயில் காற்று நுழையும் தட்டைத் திருகி அகலமாகத் திறந்ததும் நீலம் திரும்பியது. இந்தத் தட்டு இல்லாத அடுப்பை மலைக்கு வாங்காதீர்கள்.

பம்ப் ஸ்டவ்வுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. எரிபொருள் தானாக ஆவியாக வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. பர்னரின் சூட்டில் ஆவியாக்கி, நாம் அடிக்கும் காற்றழுத்தத்தால் தள்ளி எரிக்கிறது. சுவீடனில் பிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வழிவந்ததுதான் நம் வீட்டுப் பித்தளை ஸ்டவ்வும். 1911-இல் தென்துருவம் போன அமுண்ட்சென் குழுவும் ப்ரைமஸில்தான் பனியை உருக்கியது. ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும். பர்னருக்குக் கீழுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும். துளை அடைத்தால் பின் போட வேண்டும். மலை ஏறும்போது டேங்கின் காற்றுத் திருகைத் திறந்தே வைக்க வேண்டும். கீழே இறுக்கி மூடியது மேலே போனால் உள்ளழுத்தத்தில் கசியும், வண்டி முழுக்க வாடை நிற்கும். மண்ணெண்ணெய் இல்லையே என்று பெட்ரோலை மட்டும் இந்த அடுப்பில் ஊற்றிவிடக் கூடாது. அது உயிரோடு விளையாடுவது.

எரிபொருள் எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்து டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைச் சர்ச்சூவில் கொதிக்கவைக்க, பாதிச் சூடு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 15 கிராம் கேஸ் போதும். மறைப்பில்லாத காற்றில் இது இரண்டு மூன்று மடங்காகும். ஆக, ஓட்டுநர் வெட்டிக் கொடுத்த தகரம் பாதி சிலிண்டருக்குச் சமம். மூன்று நான்கு பேர் இருவேளை சமைத்து, நாலைந்து முறை காப்பியும் வெந்நீரும் போட்டாலும் 5 கிலோ இரண்டு வாரத்துக்குத் தாராளமாக வரும்.

அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் இந்த உயரத்தில் உண்மையில் சமைப்பது குக்கர். சேலத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவில் கொதிக்கிறது. சர்ச்சூவில் 86 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும், அதற்குமேல் ஒரு டிகிரிகூட ஏறாது. எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் நீர்தான் வற்றும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். குக்கரின் வெயிட் உள்ளே கூடுதலாக ஏறக்குறைய ஒரு கடல்மட்ட அழுத்தத்தைச் சேர்க்கிறது. அதனால் சர்ச்சூவிலும் உள்ளே 113, 114 டிகிரி கிடைக்கிறது. நம் ஊரில் மூன்று விசிலில் வேகும் சாதத்துக்கு அங்கே ஐந்து விசில் விட்டோம், பதமாக இருந்தது. பருப்பை இரவே ஊறவைத்துவிட்டோம். ஃபில்டர் காப்பிக்கு மட்டும் 86 டிகிரி ஒரு குறையுமில்லை. டிகாக்‌ஷன் நிதானமாக இறங்கி, மணமாக வந்தது. அந்தக் குளிரில் நின்றுகொண்டு குடித்த அந்தக் காப்பிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

காட்டா வளைவுகளின் 21 கொண்டை ஊசிகளையும் ஏறி, நக்கீ லாவையும் லாச்சுலுங் லாவையும் தாண்டினால் பாங். சுமார் 4,600 மீட்டரில், பாராசூட் துணிக் கூடாரங்களில் லடாக்கிப் பெண்கள் நடத்தும் உணவுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கூடாரத்தில் நுழைந்து, “ஜூலே, ஆச்சே லே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. மேகி நூடுல்ஸைக்கூடக் குக்கரில் போட்டு ஒரு விசில் விட்டு இறக்கினார் அந்த அக்கா. மூலையில் பெரிய கேஸ் சிலிண்டரும் நின்றது. இரண்டும் எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்த இந்தியில் கேட்டோம். கேஸ் கீழேயிருந்து லாரியில் வரவேண்டும், சாலை அடைபட்டால் வராது, மண்ணெண்ணெய் டின்னிலேயே கிடந்து அடுத்த வருஷமும் எரியும் என்றார். இரண்டு வழி வைத்துக்கொள்ளாமல் இங்கே யாரும் சமைப்பதில்லை. ஒரே அடுப்பை நம்பி இந்தச் சாலையில் போவது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புவதற்கு அவர் பேச்சு ஒரு காரணம்.

பாங்குக்கு மேலே மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையான நிலம், இரண்டு பக்கமும் பழுப்பு மலைகள். சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளோடும் யாக்குகளோடும் வருவார்கள். அவர்களுக்கு விறகு என்பது காய்ந்த சாணமும், முழங்கால் உயரம்கூட எட்டாத புதர்களும்தான். அந்தப் புதர் ஒரு விரல் கனத்துக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். சுற்றுலா வருபவர்கள் இரவில் ‘கேம்ப் ஃபயர்’ வேண்டுமென்று கேட்டு அதைப் பிடுங்கி எரிப்பதைக் கண்டு மனம் கசந்தது. குளிர்காலம் முழுவதையும் அங்கேயே கழிக்கப்போகிறவர்களின் எரிபொருள் அது. சொந்த அடுப்பும் சொந்த எரிபொருளும் கொண்டுபோவது வசதிக்காக மட்டுமல்ல. போகிற இடத்தின் விறகைத் தொடாமல் திரும்புவதற்காகவும்தான்.

தங்லங் லா 5,328 மீட்டர். அங்கே நிறுத்தவில்லை. தலைவலியோடு மைத்துனர் சாய்ந்திருந்தார், இறங்குவதே மருந்து. உப்ஷியில் சிந்துநதியைப் பார்த்ததும் அவருக்குப் பசி திரும்பியது.

லேயில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பேசி முடித்த தீர்ப்பு இது. உயர மலைக்கு வண்டியில் போகும் மூன்று நான்கு பேருக்கு 5 கிலோ சிலிண்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தாழ்வான ஒற்றை பர்னர் அடுப்பு, நல்ல ட்யூப், தகர மறைப்பு, குக்கர். துணைக்கு, பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவர் வண்டியில் இருந்தால், பம்ப் ஸ்டவ். தெரியாதென்றால் அதற்குப் பதில் புரோப்பேன் கலந்த சின்ன டப்பாவும் அதற்கான அடுப்பும். பெட்டி அடுப்பை ஒதுக்க வேண்டாம். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறைக்கு அதைவிடச் சுலபமான அடுப்பு இல்லை. ஆனால் நம் மலைகளில் காப்புக்காட்டுக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதை மறக்கக் கூடாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

லேக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுப்பவர்கள் எரிபொருளை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. விமானத்தில் கேஸ் டப்பாவும் மண்ணெண்ணெயும் அறவே கூடாது. ரயிலிலும் கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லே கடைத்தெருவில் மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளில் டப்பாக்கள் கிடைக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். நிறைந்தது ஆழ்ந்து மிதக்கும், குறைந்தது மேலே நிற்கும்.

வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வண்டித் தரையில் தேங்கும். இரவில் சிலிண்டரை வெளியே இறக்கி வையுங்கள்.

எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எந்தச் சுடரும் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று அது காட்டும் அறிகுறிகள் எல்லாம் உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகளைப்போலவே இருக்கும். மலை ஏறிய தலைவலிதானே என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். கை விறைத்தாலும் வெளியே நின்று சமையுங்கள், அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.